ஒரு பக்க டாங்க் மட்டும் காலியாகுது, அவசர உதவி

பஞ்சுமேகம்:
வணக்கம். நானே கட்டின சின்ன விமானம், ரெண்டு இறக்கையிலயும் ஒவ்வொரு பெட்ரோல் டாங்க். ரெண்டு டாங்கோட வால்வும் திறந்துதான் இருந்துச்சு. ரெண்டு மணி நேரத்துல இடது டாங்க் சுத்தமா காலி, வலது கிட்டத்தட்ட நிறைய நிக்குது. இறங்குறப்ப எஞ்சின் ரெண்டு தடவை இருமிச்சு. ஓடுபாதை பக்கத்துல இருந்ததால தப்பிச்சேன். வென்ட்டை, அதாவது டாங்குக்குள்ள காத்து வர்ற குழாயை, ஊதிப் பார்த்தேன், காத்து போகுது. சனிக்கிழமை பறக்கணும். என்ன செய்யலாம்?

யாழ்ப்பறவை:
முதல்ல என்ன விமானம் எண்டு சொல்லுங்கோ. இறக்கை மேலயோ கீழயோ? என்ன எஞ்சின், பம்ப் இருக்கோ? எஞ்சின் எரிக்காத மிச்சப் பெட்ரோலைத் திருப்பிக் கொண்டு போற ரிட்டர்ன் குழாய் எந்த டாங்குக்குப் போகுது? வென்ட் டாங்க் மூடியிலயோ, இறக்கைக்குக் கீழயோ?

தாழ்வானம்:
ரிட்டர்ன் குழாய்தான், சந்தேகமே வேண்டாம். வலது டாங்குல விட்டிருப்பீங்க. ரெண்டுலயும் எடுத்து மிச்சத்தை ஒண்ணுலயே கொட்டினா அது எப்படி இறங்கும்?

வால்சக்கரம்:
விமானம் பக்கவாட்டுல சறுக்குதான்னு காட்டுற கருவியில பந்து நடுவுல இருந்துச்சா? வலது இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தியே பறந்தா இடதுதான் முதல்ல தீரும். எனக்கு நடந்திருக்கு.

மூத்தரிவெட்:
விமானம் பேரைக்கூடச் சொல்லாம கேள்வி. புதுசா கட்டின விமானத்துக்கான 40 மணி நேர சோதனைப் பறப்பை எப்படி முடிச்சீங்கன்னே புரியல. தரையில ஊதிப் பார்க்கறது ஒரு சோதனையா? கட்டுமானக் கையேட்டை முதல்ல படிங்க.

பஞ்சுமேகம்:
மன்னிக்கணும், பதட்டத்துல விட்டுட்டேன். ஜெனித் சி.எச். 750, எஞ்சின் ரோடாக்ஸ் 912 யூ.எல்.எஸ். பக்கத்துக்கு 12 காலன். ரிட்டர்ன் இடதுக்கு. வென்ட் மூடியிலேயே, வளைஞ்ச குழாய், நானே செஞ்சது. பந்து நடுவுலதான் இருந்துச்சு. பெட்ரோல் பங்க்குல போட்ட ஈ10, பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்.

தாழ்வானம்:
ஈ10-ஆ! டெக்சாஸ் மாதிரி வெயில்னா குழாய்ல ஆவி அடைச்சிருக்கும். விமானப் பெட்ரோல் 100எல்எல் போடுங்க.

வால்சக்கரம்:
912-க்கு ஈ10 போடலாம்னு ரோடாக்ஸே சொல்லுது. ஈயம் கலந்த 100எல்எல்லையே தொடர்ந்து போட்டா 25 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும். அதை யார் செய்யறது?

தாழ்வானம்:
செய்யறவங்க செய்யறோம். எத்தனால் டாங்க் கசியாம பூசுற சீலன்ட்டை என்ன பண்ணும்னு பிரிச்சுப் பார்த்தவங்களைக் கேளுங்க.

வால்சக்கரம்:
எந்த சீலன்ட்? எல்லா சீலன்ட்டும் ஒண்ணா?

யாழ்ப்பறவை:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. ஆவி அடைச்சால் எஞ்சின் இருமும், சரி. ஆனா வலது டாங்க் ஏன் நிறைய நிக்குது? அதுக்கு ஆவி பதில் இல்லை. ரிட்டர்ன் இடதுக்கு எண்டால் இடதுதான் மெதுவா இறங்கியிருக்க வேணும்.

தம்பி, ஊதேக்க காத்துப் போனால் அடைப்பில்லை எண்டு மட்டும்தான் தெரியும். பறக்கேக்க அந்த வாயில என்ன அழுத்தம் நிக்குது எண்டதுதான் விஷயம். 80 மைல் வேகத்தில முன்னுக்குப் பார்த்த குழாய்க்குள்ள எதிர்காத்து ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் தண்ணி உயரத்துக்குச் சமனா அமத்தும். பெட்ரோல் லேசு, அதில 11 சென்டிமீட்டர் வரும். பின்னுக்குப் பார்த்த குழாயோ இழுக்கும், இறக்கையின்ர மேல்பக்கமே உறிஞ்சிற இடம்தானே. ரெண்டு டாங்கும் கீழ ஒரே குழாயில சேருது. மெல்லிய இறக்கை டாங்குக்கு 11 சென்டிமீட்டர் எண்டது சின்ன வித்தியாசமில்லை. அமத்துற பக்கம் முதல் தீரும், பிறகு பம்ப் அந்தப் பக்கத்தால காத்தை இழுக்கும். உங்கட எஞ்சின் இருமினது அதால எண்டு நினைக்கிறன்.

ரெண்டு மூடியையும் இடம் மாத்திப் போட்டுப் பாருங்கோ. இந்த முறை இடது இறங்காட்டி மூடிதான் பிழை. அப்பவும் வலதே நிண்டால் அந்தப் பக்கக் குழாயையும் சல்லடையையும் கழட்டுங்கோ. ஓடுபாதைக்கு மேலயே சுத்துங்கோ, தூரம் போக வேண்டாம். மூடியில அண்மையில ஏதும் கை வச்சனீங்களோ?

மூத்தரிவெட்:
இதைத்தான் நானும் சொன்னேன்.

வால்சக்கரம்:
நீங்க கையேட்டைப் படிக்கத்தான் சொன்னீங்க.

பஞ்சுமேகம்:
மாத்திப் போட்டு 40 நிமிஷம் மேலயே சுத்தினேன். இப்ப இடது நிக்குது, வலது இறங்குது. போன மாசம் ரப்பர் வளையம் மாத்தினப்ப ஒரு மூடியோட குழாயைப் பின்பக்கம் பார்த்து இறுக்கியிருக்கேன். யாழ்ப்பறவை அண்ணா, ரொம்ப நன்றி.

யாழ்ப்பறவை:
சந்தோஷம் தம்பி. குழாய் தானாத் திரும்பாத மாதிரிப் பூட்டி, மூடியிலயும் இறக்கையிலயும் பெயின்டால ஒரு கோடு இழுத்து விடுங்கோ. பறக்க முதல் ஒவ்வொரு முறையும் கோடு நேரா நிக்குதோ எண்டு பாருங்கோ. ஒவ்வொரு டாங்கையும் தனியத் திறந்து, மூக்கைத் தூக்கி வச்சு, பம்பைப் போட்டு எரிபொருள் வரத்தை அளந்தும் பாருங்கோ. முழு வேகத்துக்குத் தேவையானதில 125 சதவீதமாவது வர வேணும். கட்டி முடிச்ச நேரம் அளந்தனீங்களோ?

தாழ்வானம்:
சரி, அந்த சீலன்ட் எதுன்னு கேட்டீங்களே, வால்சக்கரம்...