கலைச்சொல் விவாதம்: ‘அசென்ட்’ என்பதற்குத் தமிழில் என்ன?

முதல் மடல்

அனைவருக்கும் வணக்கம்.

குழந்தைகள் மருத்துவத்தில் முதுநிலை முதலாண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுத் திட்டத்தை, ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பியிருந்தேன். ஆங்கிலப் பகுதியில் சிக்கல் இல்லை. தமிழ்ப் படிவத்தைத்தான் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெற்றோர் கையெழுத்திடும் ‘கன்சென்ட்’ படிவத்துக்கும் ஆய்வில் சேரப் பிள்ளையே சரி சொல்லும் ‘அசென்ட்’ படிவத்துக்கும் ‘ஒப்புதல் படிவம்’ என்று ஒரே தலைப்பு இருந்ததாம். சீனியர் ஒருவரின் படிவத்தை டிடிபி கடையில் கொடுத்து அப்படியே அடித்து வாங்கியது அது. இரண்டுக்கும் வேறு வேறு சொல் வேண்டும் என்கிறார்கள். ‘இணக்கம்’ என்று போடலாமா?

மறுமொழி

வணக்கம் டாக்டர்.

நான் தமிழாசிரியன். வேறொரு கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் பொதுமக்கள் சார்பு உறுப்பினர். மருத்துவம் தெரியாத ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்பது விதி, அந்த இடத்தில் நான். என் வேலையே இந்தத் தமிழ்ப் படிவங்களை வாசிப்பதுதான்.

‘இணக்கம்’ வேண்டாம். இணக்கமான பிள்ளை என்றால் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்றுதான் நம் காதில் விழும். இந்தப் படிவம் கேட்பது கீழ்ப்படிதலை அல்ல.

‘ஒப்புதல்’ பாவம், தாங்க முடியாத அளவு சுமக்கிறது. ஆய்வுக்குக் குழு தருவது ஒப்புதல். நோயாளி தருவதும் ஒப்புதல். பதிவுத் தபாலோடு வந்துகொண்டிருந்தது ஒப்புதல் அட்டை. குற்றம் செய்தவர் தருவது ஒப்புதல் வாக்குமூலம். ‘ஒப்புதல் பெறப்பட்டது’ என்று ஒரு ஆய்வேட்டில் இருந்தால் யாரிடம் பெற்றது என்று நான் பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல் 7 வயது முதல் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விருப்பத்தையும், பெற்றோர் கையெழுத்து போக, கேட்கச் சொல்கிறது. 12 வயது வரை வாய்மொழியாக, பெற்றோர் முன்னிலையில். அதற்கு மேல் எழுத்தில். சட்டப்படி செல்லுபடியாவது பெற்றோரின் கையெழுத்துதான். பிள்ளையின் சொல்லுக்கு அந்தச் சட்ட பலம் கிடையாது, ஆனாலும் அதைக் கேட்காமல் போகக்கூடாது. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும்.

ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடுவது நம் மருத்துவமனைகளில் ஊறிப்போன பழக்கம். மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையை அவர் தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு எடுத்தது செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் வளர்ந்த பெண்மணி, நீதிமன்றம் வரை போனார். பிள்ளைகள் எங்கே போவார்கள்? அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்டு நடத்திய ஆய்வில், விடுதியில் தங்கிப் படித்த பலருக்காக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது.

என் பரிந்துரை இது. குழு தருவது ‘அனுமதி’. நோயாளியோ பெற்றோரோ தருவது ‘விவரமறிந்த சம்மதம்’. பிள்ளை தருவது ‘இசைவு’. சம்மதம் வடசொல் என்று இங்கே யாராவது கிளம்புவீர்கள், தெரியும். பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டுத்தான் நம் ஊரில் தாம்பூலம் மாற்றுகிறோம். மருத்துவமனை வாசலில் நிற்பவருக்கு அகராதி தேடாமல் புரிய வேண்டும் என்பதுதான் என் கவலை.

இசைவில் இன்னொரு வசதி, ‘வாய்மொழி இசைவு’, ‘எழுத்து இசைவு’ என்று இரண்டையும் எளிதாகப் பிரிக்கலாம். மறுத்தால் ‘இசையாமை’. எதிர்ச்சொல் தானாக வராத கலைச்சொல்லை நான் நம்புவதில்லை, அதுவும் ‘மாட்டேன்’ என்று சொல்ல உரிமை தரும் படிவத்தில்.

இன்னொரு மடல்

நான் அரசு மருத்துவமனையில் டாக்டராக வேலை பார்ப்பவன். ஐயா சொல்வதில் இரண்டு இடிக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குத் தருவது ‘இசைவாணை’. ஆக இசைவும் ஏற்கெனவே அலுவலகச் சொல்தான். இரண்டாவது, எட்டு வயதுப் பையனிடம் ‘இசைகிறாயா’ என்று கேட்டால் பாட்டுப் பாடச் சொல்கிறோம் என்று நினைப்பான்.

மறுமொழி

சிரித்துவிட்டேன் டாக்டர். ஆலையும் பிள்ளையும் ஒரே படிவத்தில் வரப்போவதில்லை என்பதால் முதலாவதை விட்டுவிடலாம்.

இரண்டாவது சரி. ஆனால் இசைவு என்பது தலைப்புக்கும் ஆய்வேட்டுக்கும் கோப்புக்கும். பிள்ளையிடம் பேச வேறு தமிழ். நான் பார்க்கிற படிவங்கள் ‘மேற்கண்ட ஆய்வில் எவ்வித நிர்ப்பந்தமுமின்றிப் பங்கேற்க’ என்று தொடங்குகின்றன, பெரியவர்களுக்கே மூச்சு முட்டும். இப்படி எழுதிப் பாருங்கள்: “உன் கையில் ஊசி போட்டு ஒரு ஸ்பூன் அளவு ரத்தம் எடுப்போம். கொஞ்சம் வலிக்கும். உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். யாரும் திட்ட மாட்டார்கள். டாக்டர் எப்போதும்போல வைத்தியம் பார்ப்பார்.” கடைசி இரண்டு வாக்கியங்களை எந்தப் படிவத்திலும் விட்டுவிடாதீர்கள்.

மாணவியின் மடல்

நன்றி ஐயா. ‘சிறார் இசைவுப் படிவம்’ என்று தலைப்பு மாற்றிவிட்டேன். கீழே ‘சரி’, ‘வேண்டாம்’ என்று இரண்டு கட்டங்களும் போட்டேன். என் ஆய்வை மேற்பார்க்கும் வழிகாட்டிக்கு இரண்டாவது கட்டம் பிடிக்கவில்லை. சாம்பிள், அதாவது ஆய்வில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கை, குறையும், எடுத்துவிடு என்கிறார்.

மறுமொழி

எடுக்காதீர்கள். சம்மதம் தர இயலாதவர் மறுத்தால் அதை மதிக்க வேண்டும் என்று, மருத்துவ ஆய்வு நெறிகளுக்கான உலக ஆவணமான ஹெல்சின்கி பிரகடனமே சொல்கிறது. அதை உங்கள் வழிகாட்டியிடம் பணிவாகக் காட்டுங்கள். கேட்கவில்லை என்றால் கட்டத்தோடேயே குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். அதை எடுக்கச் சொல்லி அவர்கள் எழுத்தில் தர மாட்டார்கள்.