ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது வேறு கணக்கு: முட்டை, மளிகை விலை குறித்த அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு

முட்டையும் மளிகைப் பொருள்களும் விலை ஏறிவிட்டன என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் புலம்புவதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. ஆகவே, விலையைப் பற்றி யாரேனும் ஒருவருடன் நேருக்கு நேர் பேச நேர்ந்த அனுபவங்களை மட்டும் இங்கே பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னுடையதை முதலில் எழுதிவிடுகிறேன்.

2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிச் சூரியகாந்தி எண்ணெய் வரத்து முடங்கியிருந்த நாள்கள் அவை. நான் வழக்கமாகப் பொருள் வாங்கும் கடையில் உரிமையாளர் எண்ணெய் அலமாரியின் விலைச்சீட்டை மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தார். பாட்டில்கள் பழையவைதாம், மூடியில் படிந்திருந்த தூசிகூட அப்படியே இருந்தது. பழைய விலைக்கு வாங்கிய சரக்குக்குப் புதிய விலை எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “இதை விற்ற பணத்தில்தானே அடுத்த சரக்கை எடுக்க வேண்டும்? பழைய விலைக்கே கொடுத்தால், பத்துப் பாட்டில் விற்ற காசுக்கு எட்டுப் பாட்டில்தான் வரும்” என்றார். நியாயமான பதில் என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிடும் உணவு விலைக் குறியீடு அந்த மார்ச் மாதத்தில் உச்சத்தைத் தொட்டு, அதன் பின் ஓராண்டுக்காலம் தொடர்ந்து இறங்கியது. கடையின் விலைச்சீட்டு மட்டும் இறங்கவில்லை. மறுபடியும் கேட்டேன். “அதிக விலைக்கு எடுத்த சரக்கு இன்னும் தீரவில்லையே” என்றார் அதே மனிதர். விலை ஏறும்போது இனி வாங்கப்போகும் சரக்கின் விலையைப் பார்க்கிறார். இறங்கும்போது கையில் இருக்கும் சரக்கின் விலையைப் பார்க்கிறார். தனித்தனியே கேட்டால் இரண்டு பதில்களும் சரியாகவே இருக்கின்றன. இரண்டையும் ஒருவரே சொல்லும்போதுதான் உறுத்துகிறது.

கடையில் பில் போடும் பணியில் இருப்பவர்

ஐயா, உங்கள் கடைக்காரருக்காக நான் வாதாட வரவில்லை. பெரிய மளிகைக் கடை ஒன்றில் பில் போடும் வேலையில் இருக்கிறேன். விலையை முடிவு செய்பவர்கள் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்க்கிற எனக்கோ ஒரு காசு குறைக்கவும் அதிகாரம் கிடையாது. ஆனாலும் வசவு முழுவதும் என்னிடம்தான் வந்து சேருகிறது.

முன்பெல்லாம் மொத்தத் தொகையைச் சொன்ன பிறகே பணத்தை எடுப்பார்கள். இப்போது பாதிப் பொருள்களைப் பதிந்த உடனேயே “இதுவரை எவ்வளவு ஆயிற்று?” என்று நிறுத்திக் கேட்பவர்கள் மிகுந்துவிட்டார்கள். கையிலிருக்கும் தொகையைத் தாண்டினால் எதை விட்டுச்செல்வது என்பதை முன்கூட்டியே யோசித்து, விடத்தக்க பொருள்களை வரிசையின் கடைசியில் வைத்துவிடுகிறார்கள். முட்டை எப்போதும் முன்வரிசையில்தான் வரும். அண்மைக் காலமாக அதுவும் நடுவுக்கு நகர்ந்துவிட்டது.

பன்னிரண்டு முட்டைகள் கொண்ட பெட்டியை நடுவில் வெட்டி ஆறு மட்டும் தர முடியுமா என்று ஒரு பெரியவர் கேட்டார். எங்கள் விதிப்படி முடியாது. நான் மறுமொழி சொல்வதற்குள், அவருக்குப் பின்னால் நின்ற பெண், “மீதி ஆறை நான் எடுத்துக்கொள்கிறேன் ஐயா, ஒரே பில்லாகப் போடச் சொல்லுங்கள்” என்றார். இருவரும் காசைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, அட்டையை நடுமடிப்பில் கிழித்துக் கையில் எடுத்துச் சென்றார்கள். பெரியவரின் பங்கில் மூடி இல்லாததால் முட்டைகளைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முட்டை, பால், சர்க்கரை போன்றவற்றின் விலை எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு கடை மலிவா இல்லையா என்பதை இவற்றை வைத்தே மக்கள் எடைபோடுகிறார்கள். அதனால் பல கடைகள் இவற்றை மிகக் குறைந்த லாபத்திலோ, சில வேளை நட்டத்திலோ வைத்துவிட்டு, யாரும் விலையை நினைவில் வைத்திராத மசாலாப் பொடியிலும் சோப்பிலும் அதை ஈடுகட்டிக்கொள்கின்றன. முட்டை விலையை மட்டும் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுப்பவர் முழுப் பட்டியலையும் ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது.

வீட்டுக் கணக்கு எழுதுபவர்

விலைச்சீட்டு மாறாமலேயே விலை ஏறும் வழியை யாரும் இன்னும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் பிஸ்கட்டுப் பாக்கெட்டின் விலை நெடுநாளாக அப்படியே இருந்ததால் நானும் பாராட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பழைய பாக்கெட்டில் இருந்ததை டப்பாவில் கொட்டிவிட்டுப் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உயரம் ஒன்றாகவும் பருமன் வேறாகவும் இருப்பது தெரிந்தது. அதே விலையில் 500 கிராம் 450 கிராமாகக் குறைந்தால், எடையில் குறைந்தது பத்து விழுக்காடு. ஆனால் கிலோவுக்கு நாம் கொடுப்பது பதினொரு விழுக்காடு கூடிவிடுகிறது. கடைப் பணியாளரிடம் காட்டியபோது, “எடையை அச்சிட்டுத்தானே இருக்கிறார்கள் அம்மா” என்றார். அச்சிட்டுத்தான் இருந்தார்கள், பின்புற மடிப்பின் ஓரத்தில். முட்டையில் இந்த வித்தை நடக்காது என்பதால்தானோ என்னவோ, அதன் விலையேற்றம் மட்டும் ஒளிவுமறைவின்றிக் கண்ணில் படுகிறது.

முட்டைக்கோழிப் பண்ணையில் கணக்குப் பார்த்தவர்

அம்மா, முட்டையிலும் அந்த வித்தை ஓரளவு உண்டு. பெரிய முட்டை, நடுத்தர முட்டை என்று எடையைப் பார்த்துத் தரம் பிரிப்பதைக் கவனிக்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குபவர், இளங்கோழியின் சிறு முட்டைக்கும் அதே விலையைக் கொடுத்துவிட்டுப் போவார். அது போகட்டும்.

விலை உச்சத்தில் இருந்தபோது ஓர் உறவினர் வீட்டு விசேஷத்தில் என்னைப் பார்த்த ஒருவர், “உங்களுக்கு என்னப்பா, கோழி பொன்முட்டை இடுகிறதே” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அவருக்கு அன்று உட்கார்ந்து சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

முட்டையின் உற்பத்திச் செலவில் ஏறத்தாழ அறுபது முதல் எழுபது விழுக்காடு தீவனத்துக்கே போகிறது. ஒரு கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தின்னும். முட்டை இட்டாலும் தின்னும், இடாவிட்டாலும் தின்னும். அந்தத் தீவனத்தின் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான். மக்காச்சோளத்துக்கு எரிபொருள் எத்தனால் ஆலைகளும் போட்டியிடுகின்றன. சோயாவின் விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்குகிறது. தீவன வியாபாரியிடம் கடன் சொல்லலாம். கோழியிடம் நாளைக்குத் தின்றுகொள் என்று சொல்ல முடியாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய அடி பறவைக் காய்ச்சல். ஹெச்5என்1 கிருமி ஒரு கொட்டகையில் உறுதியானால், நோயுற்றவை மட்டுமன்றி அந்தப் பண்ணையின் எல்லாக் கோழிகளையும் அழிப்பதே பல நாடுகளின் விதி. அமெரிக்காவில் 2022இல் தொடங்கிய நோயலையில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் இவ்வாறு போயின. அவற்றில் மிகப் பெரும்பங்கு முட்டைக்கோழிகள். இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், விலை விண்ணைத் தொடும்போது கோழியை இழந்த பண்ணைக்காரரிடம் விற்க ஒரு முட்டையும் இருக்காது. லாபம் பார்ப்பவர் நோய் எட்டாத பக்கத்துப் பண்ணைக்காரர். என்னிடம் பொன்முட்டையைப் பற்றிக் கேட்டவருக்கு, எங்கள் கொட்டகைகளில் ஒன்று அப்போது சுண்ணாம்பு தெளிக்கப்பட்டுக் காலியாகக் கிடந்தது தெரியாது.

அடுத்த கட்டத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. விலை நன்றாக இருக்கிறதே என்று எல்லோரும் ஒரே நேரத்தில் குஞ்சு இறக்குவார்கள். அந்தக் குஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் முட்டையிடத் தொடங்கும்போது சந்தை நிரம்பி வழிந்து, அடக்க விலைக்கும் கீழே விற்க வேண்டிய நிலை வரும். அப்போது முட்டைக்கோழிகளைக் கறிக்குப் போகும் கழிவுக்கோழிகளாக விற்றுத் தொழிலை விட்டவர்களை நான் அறிவேன். அந்த மாதங்களில் “முட்டை ஏன் இவ்வளவு மலிவு?” என்று யாரும் பகிர்வு தொடங்கியதாக நினைவில்லை.

சிற்றுண்டி, கேக்கு தயாரிப்பவர்

பண்ணைக்கார நண்பர் சொன்னதற்கு என் பக்கத்துச் சாட்சி இது. வீட்டில் முட்டை விலை ஏறினால் ஒருநாள் வாங்காமல் இருந்துவிடலாம். அடுமனை நடத்தும் எனக்கு அந்த வசதி இல்லை. பன்னில் முட்டையை விட்டுவிடலாம், மேலே பளபளப்புக்குப் பூசுவதற்குப் பாலைப் பயன்படுத்தலாம். ஆனால் காற்றை உள்ளே பிடித்து வைத்து மாவை உப்பச்செய்வது அடித்து நுரைத்த முட்டைதான் என்பதால், ஸ்பாஞ்சு கேக்கில் முட்டையைக் குறைத்தால் அது கேக்காக எழும்பாது. என்னைப் போன்றவர்கள் என்ன விலையானாலும் வாங்கித்தான் தீர வேண்டியிருப்பதால், வரத்து சிறிதே குறைந்தாலும் விலை அந்தக் குறைவைவிடப் பெரிய அளவில் எகிறுகிறது. இதை எனக்கு விளக்கியவர், முட்டை கொண்டுவந்து இறக்கும் வண்டி ஓட்டுநர். “நூறு அட்டை கேட்கிற இடத்தில் தொண்ணூற்றைந்து இருந்தால், அந்த ஐந்துக்காகத்தான் எல்லோரும் விலையை ஏற்றுகிறீர்கள்” என்றார். பொருளியல் படித்தவர் எவரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதே காலத்தில், விரிசல் விழுந்த முட்டைகளைக் குறைந்த விலைக்குத் தருவதாகவும் ஒருவர் வந்தார். விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால் ஓட்டில் மயிரிழை போலக் கோடுகள் தெரிந்தன. திருப்பி அனுப்பிவிட்டேன், விரிசல் வழியாக வயிற்றுநோய் தரும் சால்மோனெல்லா கிருமி உள்ளே போக வாய்ப்பு உண்டு, எங்கள் கிரீம்கள் எல்லாம் நன்கு வெந்தவை அல்ல. அவர் அடுத்த தெருவுக்குள் நுழைந்ததைப் பார்த்தேன்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர்

“பணவீக்கம் குறைந்துவிட்டதாமே, பிறகு ஏன் பொருள் விலை குறையவில்லை?” என்று என் மருமகளே என்னிடம் கேட்டார். பணவீக்கம் பத்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் பாதியானது என்றுதான் பொருள். ஏறிய விலை ஏறியபடியே நிற்கிறது, அதற்கு மேலும் ஏறுகிறது. அடுத்து அவர் கேட்டதுதான் கூர்மையானது: “அப்படியென்றால் எல்லோருக்கும் ஒரே பணவீக்கமா மாமா?” இல்லை. வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857லேயே குடும்பக் கணக்குகளிலிருந்து காட்டிவிட்டார். உணவு விலை ஒரே அளவில் ஏறினாலும், சம்பளத்தில் பாதியை மளிகைக்குக் கொடுக்கும் வீட்டில் அது விழும் இடமே வேறு. மேலும், வசதியுள்ளவர் விலை ஏறினால் ஒருபடி மலிவான பொருளுக்கு இறங்கலாம்; ஏற்கெனவே இருப்பதிலேயே மலிவானதை வாங்குபவர் இறங்குவதற்குப் படியே இல்லை.

தொடக்கப் பதிவாளர்

பண்ணையில் இருந்த நண்பருக்கு ஒரு கேள்வி. இன்றே எல்லாப் பண்ணைகளிலும் கோழி இறக்க முடிவெடுத்தால் விலை எப்போது இறங்கும்? என் கடைக்காரரிடம் சொல்வதற்குத் தேவைப்படுகிறது.

முட்டைக்கோழிப் பண்ணையில் கணக்குப் பார்த்தவர்

நோய் கண்ட கொட்டகையைக் கழுவி, கிருமி நீக்கி, சோதனையில் தேறும்வரை காலியாக வைத்திருக்க வேண்டும். அந்தக் காலம் அந்தந்த இடத்து அதிகாரிகளின் கையில். அதன் பிறகு குஞ்சு கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் அடைகாப்புக்கே 21 நாள்கள். குஞ்சு முதல் முட்டையிட 18 முதல் 20 வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் வருவன சிறு முட்டைகள். முழு அளவில் முட்டையிட மேலும் சில வாரங்கள் வேண்டும். ஆக அரையாண்டுக்குக் குறையாது. இது பண்ணை விலைக்கு மட்டுமான கணக்கு. அதன் பிறகு உங்கள் கடைக்காரரின் பழைய சரக்கு தீர வேண்டும். அவரிடம் ஒன்றை மட்டும் நினைவூட்டுங்கள்: முட்டை வாரக்கணக்கில் வைத்து விற்கும் சரக்கு அன்று, எண்ணெய்க்குச் சொன்ன பதிலை முட்டைக்கும் சொன்னால் நம்பாதீர்கள்.