மறு: விரிவுக் கலனா, விரிவேற்பியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின் மைய வெப்பமூட்டல், அதாவது மின்சாரத்தால் நீரைச் சூடாக்கிக் குழாய்கள் வழியே அறைகளின் ரேடியேட்டர்களுக்கு அனுப்பி வீட்டை வெப்பமாக வைக்கும் முறை, அதற்கான தமிழ்க் கையேட்டின் கலைச்சொற்களைப் பற்றிய நம் உரையாடலுக்கு இது என் மறுமொழி. 'expansion vessel' என்பதற்கு ஐயா முன்வைத்த 'விரிவுக் கலன்' என்ற சொல்லில் எனக்கு மனநிறைவு இல்லை. படிப்பவர் கலனே விரிகிறது என்று எண்ணிவிடுவார். அது எஃகுப் பாத்திரம். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. சவ்வுக்கு ஒரு பக்கம் காற்று அல்லது நைட்ரஜன், மறுபக்கம் குழாய்களில் ஓடும் நீர். 20 டிகிரி செல்சியசிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேறும்போது நீரின் கன அளவு ஏறத்தாழ 3 விழுக்காடு கூடுகிறது. 100 லிட்டர் கொள்ளும் அமைப்பில் அது 3 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. மூடிய குழாய்க்குள் அதற்குப் போக்கிடம் ஏது? நீர் சவ்வைத் தள்ள, காற்று சுருங்கி இடம் விடுகிறது. ஆறியதும் காற்று நீரைத் திருப்பித் தள்ளுகிறது. விரிவை ஏற்றுக்கொள்வதால் 'விரிவேற்பி' என்போம். உயிரியலில் 'உணர்வேற்பி' ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் சொல்லமைப்பும் புதிதன்று.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், கையேட்டு வரைவில் உள்ள ஒரு வரி: 'அழுத்தம் குறைந்தால் நீர் நிரப்புக.' விரிவேற்பியில் காற்று போய்விட்ட வீட்டில் இந்த வரி கெடுதலே செய்யும். ஆறிய நிலையில் அழுத்தமானி 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வரை காட்ட வேண்டும். சூடேறினால் சற்று உயரலாம். காற்று இல்லையென்றால் முள் விறுவிறுவென 3 பாரைத் தொடும், மிகை அழுத்தத்தில் தானே திறக்கும் காப்பு வால்வு வழியாக நீர் வெளியே போகும், ஆறியதும் முள் அடியில் கிடக்கும். வீட்டுக்காரர் மறுபடி நிரப்புவார். மறுபடி இதே கதை. ஒவ்வொரு முறையும் உள்ளே போகும் புது நீர் ஆக்சிஜனைக் கொண்டுவந்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது. கடின நீராக இருந்தால் சூடேற்றும் மின்கம்பியின் உறைமேல் உப்புப் படியவும் செய்கிறது.

சோதிப்பது எளிது. விரிவேற்பியில் டயருக்கு இருப்பதுபோல் ஒரு காற்று வால்வு உண்டு. அதன் ஊசியை மெல்ல அழுத்தினால் நீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. கலனை மாற்றியே ஆக வேண்டும். எதுவும் வராவிட்டால் காற்று தீர்ந்திருக்கிறது, மறுபடி காற்று அடைக்கலாம். ஆனால் மின்சாரத்தை நிறுத்தி, அமைப்பை ஆறவிட்டு, நீர்ப்பக்க அழுத்தத்தைச் சுழிக்கு (0) கொண்டுவந்த பிறகே காற்றை அளக்கவும் அடைக்கவும் வேண்டும். நீர் சவ்வை அழுத்திக்கொண்டிருக்கும்போது அளந்தால் கிடைப்பது நீரின் அழுத்தமே.

இங்கேதான் இதே உரையாடலில் அம்மையார் முன்வைத்த 'தொடக்க அழுத்தம்' என்ற சொல் இடறுகிறது. காற்றுப் பக்கத்தில் முன்கூட்டி அடைப்பது ஒன்று, குழாய்களில் நீர் நிரப்பி நிறுத்துவது வேறொன்று. இரண்டையுமே தொடக்க அழுத்தம் எனலாம். முதலாவதை 'முன்னழுத்தம்' என்றும் இரண்டாவதை 'ஆறுநிலை அழுத்தம்' என்றும் பிரித்துவிட்டால் குழப்பம் தீரும். ஆறுநிலை அழுத்தம் முன்னழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதையும் அப்போது ஒரே வரியில் எழுதிவிடலாம்.

'காப்பு வால்வு' தவறில்லை, ஆனால் பொதுப்பெயராக நிற்கிறது. 'கலிங்கு வால்வு' என்று வைத்தால் என்ன? மதகை ஆள் திறக்க வேண்டும். ஏரி நிரம்பினால் கலிங்கு தானாகவே மிகைநீரை வெளியேற்றிவிடும். சுருள்வில் பூட்டிய இந்த வால்வும் 3 பாரில் அப்படித்தான் திறக்கிறது. சொட்டுகிறதே என்று அதன் வெளியேற்றுக் குழாயை யாரும் அடைத்துவிடக் கூடாது என்பது இந்தப் பெயரிலேயே விளங்கும். வால்வை 'தடுக்கிதழ்' ஆக்கும் யோசனைக்கு நான் உடன்படவில்லை. சைக்கிள் டியூப் முதல் இதயம் வரை வால்வு ஊன்றிவிட்டது.

நீரைச் சூடேற்றும் கருவிக்கு வழங்கும் 'கொதிகலன்' குறித்து ஒரு சொல்: இந்த அமைப்பில் நீர் கொதிக்கவே கூடாது. ஆயினும் நிலைத்த சொல், விட்டுவிடுவோம். 'நிரப்பு வால்வு' (அமைப்புக்குள் நீர் விடுவது), 'காற்று நீக்கல்' (ரேடியேட்டரில் தங்கிய காற்றை வெளியேற்றுவது) இரண்டிலும் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

வரைவின் அந்த வரியை இப்படி மாற்றப் பரிந்துரைக்கிறேன்: 'ரேடியேட்டரில் காற்று நீக்கிய பின் அழுத்தம் குறைவது இயல்பு, ஆறுநிலை அழுத்தம் வரும்வரை நீர் நிரப்பி, நிரப்பு வால்வை இறுக மூடுக. அடிக்கடி குறைந்தால், நிரப்புவதை நிறுத்திவிட்டு, எங்கேனும் கசிவு உள்ளதா என்றும் விரிவேற்பியில் முன்னழுத்தம் உள்ளதா என்றும் பார்க்கச் செய்க.'