ஆஸ்பத்திரித் துண்டு பிழை, வழக்குக்கு என்ன செய்யலாம்?

கிளிநொச்சிப் பக்கம். அக்காவுக்காகக் கேக்கிறன். அத்தான் அடிக்கிறது மூண்டு வருசமா நடக்குது. போன மாதம் தேங்காய் திருவுற திருவலையால எறிஞ்சு முழங்கையில ஆறு தையல். ஆஸ்பத்திரியில "விழுந்திட்டன்" எண்டு சொல்லிப்போட்டா, துண்டிலயும் அப்படித்தான் கிடக்கு. (அவர் பக்கத்தில நிக்கேக்க வேற என்னத்தைச் சொல்லுறது?)

பொலிஸில முறைப்பாடு குடுத்தம். "குடும்பப் பிரச்சினை" எண்டு சமாதானம் பேசி அனுப்பிவிட்டினம், இலக்கம் மட்டும் கையில. கிராம சேவையாளரிட்டயும் போனம், பலனில்லை. காயத்தின்ர படம் திகதியோட இருக்கு, அவர் வெருட்டின வொய்ஸ் மெசேஜ் நாலையும் என்ர போனுக்கு மாத்தி வச்சிருக்கிறன்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அக்காவே நேர நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம் எண்டு தெரியும். துண்டு இப்பிடி இருக்கேக்க, படத்தையும் வொய்ஸையும் வச்சுக் கட்டளை எடுத்த ஆக்கள் ஆரும் இருக்கிறீங்களோ?