ஆல்ப்ஸ் மலைக் கிராமத்தில் புயலில் மாட்டியவர்கள் யாராவது உண்டா?

2018 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட்டில் சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டதாகச் செய்தி வந்ததே, அந்தக் கூட்டத்தில் நானும் என் மனைவியும் இருந்தோம். மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்க்கப் போனவர்களுக்கு எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை.

ஊரின் அமைப்பைச் சொன்னால்தான் நிலைமை புரியும். சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், ஒடுங்கிய பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் இருக்கிறது. ஊருக்குள் மின்சார வண்டிகள் மட்டும்தான். மற்ற கார்களை ஐந்து கிலோமீட்டர் கீழே டேஷ் என்ற ஊரில் விட்டுவிட்டு ரயில் ஏற வேண்டும். அந்தத் தண்டவாளமும் சாலையும் செங்குத்தான சரிவுகளின் அடியிலேயே போகின்றன. பெரும்பனி விழுந்தால் முதலில் அடைபடுவது அவைதான்.

பனி கொட்டத் தொடங்கியபோது எல்லோருக்கும் கொண்டாட்டம், செல்ஃபி. மறுநாள் காலையில் பால்கனிக் கதவைத் தள்ளினால் நகரவில்லை. பனிச்சரிவு அபாயம் உச்ச அளவான ஐந்து என்று விடுதி வரவேற்பறையில் எழுதி வைத்திருந்தார்கள். ரயில் இல்லை, சாலை இல்லை, சறுக்குத் தடங்களும் நடைபாதைகளும் மூடல். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது.

அப்புறம் அந்த 'டொம்' சத்தம். மலையில் இடி என்று நினைத்து மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். பனி மொத்தமாகச் சரிவதற்குள் வெடி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடுகிறார்களாம். விடுதிக்காரம்மா இதைச் சொன்னபோது தலையைக்கூட நிமிர்த்தவில்லை, கரண்டிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வானம் சற்று வெளுத்ததும் ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்க ஆரம்பித்தார்கள். நீண்ட வரிசை. நாங்கள் போகவில்லை. சாப்பாடு இருந்தது, அறை சூடாக இருந்தது, ஊருக்குள் இருக்கும்வரை ஆபத்தில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். விமானத்தைத் தவறவிடுவோமே என்று முண்டியடிப்பதைவிட, அந்த இடத்தைக் கைக்குழந்தைக்காரர்களுக்கு விடலாம் என்பது என் கட்சி. மனைவியின் பிரஷர் மாத்திரை கூடுதலாக இருந்ததால்தான் இவ்வளவு வீரம், அதையும் சொல்லிவிடுகிறேன். ரயில் ஓடத் தொடங்கியதும் இறங்கினோம்.

*

அண்ணை, உங்கள் ஊரில் சொன்னது சரியாக இருந்திருக்கும். ஆனால் "ஊருக்குள் ஆபத்தில்லை" என்பதை எல்லா இடத்திலும் நம்ப முடியாது. 1999 பெப்ரவரியில் நான் ஸெர்மாட் இருக்கும் அதே வாலிஸ் மாநிலத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தேன். பனி விட்டபாடில்லை. மலைப்பக்கத்து அறைகளில் இருந்த விருந்தினர்களை எல்லாம் முதலாளி மறுபக்கத்துக்கு மாற்றினார், ஜன்னல்களின் மரக்கதவுகளை அடைக்கச் சொன்னார். குசினியும் மலைப்பக்கம்தான்! எங்களை யார் மாற்றுவது? சூப் கொதிக்க வேண்டுமே.

21ஆம் தேதி அதே மாநிலத்தில் எவொலென் என்ற ஊர்ப்பக்கம் பனிச்சரிவில் 12 பேர் செத்துப்போனார்கள். இரண்டு நாள் கழித்து ஒஸ்ரியாவில் கால்டூர் கிராமத்துக்குள்ளேயே பனி புகுந்து 31 பேர். அடிபட்ட வீடுகளில் பல, பாதுகாப்பான வலயம் என்று வரைபடத்தில் குறித்திருந்த இடத்தில் நின்றவை. பிறகு அங்கே 345 மீட்டர் நீளத்துக்கு ஒரு பெரிய மதிலே கட்டினார்கள். வானொலியில் அந்தச் செய்தி போனபோது குசினியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதலாளியும் உள்ளே வந்து நின்று கேட்டார். அன்று இரவு நாங்களும் மறுபக்கத்து நடைக்கூடத்தில்தான் படுத்தோம்.

*

இரண்டு பேரும் பனியைச் சொன்னீர்கள். எனக்கு வாய்த்தது ஃபோன் (Föhn) என்கிற காற்று. மலையைத் தாண்டி இறங்கும்போது சூடாகி, ஈரமெல்லாம் வற்றி வருகிற காற்று. சுவிட்சர்லாந்தின் மைரிங்கன் என்ற ஊரில் நவம்பரில் தங்கியிருந்தோம். ராத்திரி முழுக்க லாரி ஓடுகிற மாதிரி இரைச்சல், ஓடுகள் தடதடவென்று ஆடின. வெளியே போனால் ஸ்வெட்டர் தேவையில்லை!

அன்று கார்த்திகை தீபம். பால்கனியில் அகல் வைக்கப் போனேன். கீழ்வீட்டுப் பாட்டி மூச்சிரைக்க மாடியேறி வந்து, ஒரு பொட்டு நெருப்பு கூடாது என்றார். 1879இலும் 1891இலும் இந்தக் காற்றில்தான் ஊரே எரிந்ததாம். கடைசியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் இரண்டு அகல் ஏற்றினேன், அவர் பக்கத்திலேயே நின்று அணையும்வரை பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்தக் காற்று நிற்கும்வரை எனக்குத் தலைவலி விடவில்லை. உங்களில் யாருக்காவது அப்படி வந்ததுண்டா?