நீலகிரி–சத்தியமங்கலம் தாங்குதிறன் வரைபடம்: சிகூர் பீடபூமி முழுக்கச் சிவப்பாக வருவது ஏன்?

காட்டுவழி கேட்டது:

வணக்கம். நீலகிரி, முதுமலை, சத்தியமங்கலம் மூன்றையும் சேர்த்துக் காலநிலைத் தாங்குதிறன் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். வெப்பம் கூடக்கூட, செடிகொடிகளும் விலங்குகளும் பக்கத்திலேயே குளிர்ச்சியான, ஈரமான இடத்துக்கு நகர எந்த நிலம் வழிவிடும் என்று காட்டுவதுதான் நோக்கம். அமெரிக்காவில் நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு கையாளும் முறைதான் அடிப்படை: நிலவடிவப் பன்மைக்கு (சரிவு, பள்ளம், முகடு என எத்தனை வகை) ஒரு மதிப்பெண், சுற்றுவட்டாரத் தொடர்ச்சிக்கு (சாலை, ஊர் போன்ற தடையில்லாமல் இயற்கை நிலம் எவ்வளவு தொடர்கிறது) ஒரு மதிப்பெண், இரண்டின் சராசரி. தரவு இரண்டும் ஐரோப்பியச் செயற்கைக்கோள் திட்டங்களுடையவை: உயரத்துக்குக் கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் தரவு, நிலப்பரப்பு வகைக்கு வேர்ல்டுகவர் 10 மீட்டர் தரவு.

குந்தா சரிவுகளும் கோத்தகிரி விளிம்பும் அடர்பச்சையாக வருகின்றன. நீலகிரி மலையின் வடக்கு அடிவாரத்துச் சிகூர் பீடபூமி மொத்தமும் சிவப்பு. யானை வழித்தடங்கள் உள்ள நிலத்தைத் "தாங்குதிறன் குறைவு" என்று திட்ட அறிக்கையில் எழுதினால் விளைவு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எதைத் திருத்த வேண்டும்?

சமஉயரக்கோடு:

மொத்தப் பரப்புக்கும் ஒரே சராசரி எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் எந்த ஊரிலும் மலைச்சரிவுதான் ஜெயிக்கும். ஒரு நிலத்தை அதன் சொந்த வகை நிலத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும், இந்த முறையின் உயிரே அதுதான். 2010இல் ஆண்டர்சன், ஃபெர்ரி என்ற ஆய்வாளர்கள் 14 அமெரிக்க மாநிலங்களையும் 3 கனடா மாகாணங்களையும் வைத்துப் பார்த்தபோது, பாறை வகை, உயரம், அட்சரேகை ஆகியவையே உயிரினப் பன்மையைப் பெருமளவு விளக்கின. அதனால்தான் ஒவ்வொரு வகை நிலத்திலும் நல்ல பகுதியைத் தேடுகிறோம். தாழ்நிலத்தை விட்டுவிட்டு முகடுகளை மட்டும் காத்தால் தாழ்நிலத்து உயிர்களுக்குப் போக்கிடம் இருக்காது.

பாறை வரைபடம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் 1:50,000 அளவில் இருக்கிறது. ஆனால் நீலகிரி மேட்டுநிலம் பெரும்பகுதி சார்னோகைட் என்ற ஒரே வகைப் பாறைதான், பாறையை மட்டும் வைத்து வகை பிரிக்க முடியாது. உயரப் பட்டையையும் சேருங்கள்: 500 மீட்டருக்குக் கீழ், 500–1,100, 1,100–1,800, அதற்கு மேல். 1,000 மீட்டரில் வெட்டாதீர்கள், மசினகுடிப் பக்கத் தரை அந்த உயரத்தை ஒட்டியே இருப்பதால் பீடபூமி இரண்டு துண்டாகிவிடும். பிறகு ஒவ்வொரு வகைக்குள்ளும் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் தனியாகக் கணக்கிட்டு, பிக்சல் அதிலிருந்து எத்தனை விலக்கம் மேலே, எத்தனை கீழே என்று மதிப்பெண் போடுங்கள். சில நூறு பிக்சல் மட்டுமே உள்ள வகையைப் பக்கத்து வகையோடு இணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திட்டவிலக்கம் தாறுமாறாக வரும்.

இன்னொன்று. கிராஸ் என்ற வரைபட மென்பொருளில் உயரத் தரவிலிருந்து நிலவடிவங்களைப் பிரிக்கும் ஜியோமார்ஃபான் கருவியில் தேடல் தூரம் இயல்பாக 3 பிக்சல். மெல்ல ஏறி இறங்கும் சிகூரில் 90 மீட்டருக்குள் பள்ளம் மேடு எதுவும் தெரியாது, எல்லாம் சமதளம் என்றே வரும். 20 பிக்சலாக்கிப் பாருங்கள், ஓடைப் பள்ளங்கள் வெளியே வரும். பிறகு சுமார் 40 ஹெக்டேர் வட்டத்துக்குள் எத்தனை வகை நிலவடிவம் என்று எண்ண வேண்டும். ஆரம் 357 மீட்டர், 30 மீட்டர் பிக்சலில் 25 பிக்சல் அகல வட்டச் சாளரம். தரவை யூடிஎம் 43 வடக்குக்கு (மீட்டரில் அளக்கும் வரைபட ஆயமுறை) மாற்றிய பிறகே இதைச் செய்யுங்கள்.

பிக்சல் பாண்டி:

மேலே சொன்னது சரி. தரவிலும் கோளாறு இருக்கிறது. கோப்பர்நிக்கஸ் காட்டுவது தரையின் உயரத்தை அல்ல, மரத்தலையின் உயரத்தை. கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்பு முடிந்து புல்வெளி தொடங்கும் கோட்டில் 30 மீட்டர் செங்குத்துச் சரிவு முளைக்கும். அதை ஜியோமார்ஃபான் மலைவிளிம்பு என்று எண்ணி மதிப்பெண் கூட்டிவிடும். மரத்தையும் கட்டடத்தையும் கழித்த ஃபாப்டெம் தரவை எடுங்கள் (வணிக வேலைக்கு அதன் உரிமம் இடம் தராது).

வேர்ல்டுகவரில் சோலைக்காடும் கற்பூரத் தோப்பும் சீகைத் (வாட்டில் மரம்) தோப்பும் ஒரே "மரப்பரப்பு". தேயிலையும் பல இடங்களில் அதற்குள்ளேயே போய்விடும். தேயிலைத் தோட்ட எல்லைகளைத் தனியே வரைந்து மேலே பதியாமல் தொடர்ச்சியைக் கணக்கிட்டால் குன்னூர் பக்கம் முழுவதும் காடு என்று வரும்.

தொடர்ச்சிக்கு 100 மீட்டர் பிக்சல் போதும், 3 கி.மீ. ஆரம் என்றால் 30 பிக்சல். ஆனால் 10 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்குச் சராசரி எடுத்துச் சுருக்கினால் சாலை காணாமல் போய்விடும். சுருக்கி முடித்த பிறகு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (திறந்த இணைய வரைபடம்) சாலைகளை உச்சத் தடை மதிப்பாக (விலங்கு கடக்க எவ்வளவு கடினம் என்ற எண்) மேலே பதியுங்கள். பண்ணாரி–திம்பம் சாலைக்கு இரவுப் போக்குவரத்துத் தடை இருப்பதால் பகலுக்கும் இரவுக்கும் இரண்டு தடை மதிப்பு வைத்து ஓட்டிப் பார்க்கலாம். மாநில எல்லையில் வெட்டாதீர்கள். பந்திப்பூர், வயநாடு பக்கம் குறைந்தது ஆரத்தின் அளவு கூடுதலாக எடுங்கள், இல்லையேல் முதுமலையின் வடக்கு ஓரம் பொய்யாகச் சிவக்கும்.

உறைபனி:

குளிர் தரும் இடம் எது என்பதில் ஒரு எச்சரிக்கை. வடசரிவு குளிர்ச்சி, தென்சரிவு வெப்பம் என்ற கணக்கு நடு அட்சரேகைகளுக்கானது. நீலகிரி இருக்கும் 11 டிகிரி வட அட்சரேகையில் சூரியன் ஆண்டில் சில மாதம் வடக்கேயும் நிற்கிறது. இங்கே மழை எந்தப் பக்கம் விழுகிறது என்பதே பெரிது: அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் தென்மேற்குப் பருவமழை, கோத்தகிரி, குன்னூர் சரிவில் வடகிழக்கு. சிகூர் மழை மறைவில் இருக்கிறது. அங்கே நிலவடிவத்தைவிட ஈரமே தீர்மானிக்கும், ஆகவே சதுப்பு, ஓடைக்கரை அடர்த்தியையும் பன்மை மதிப்பெண்ணில் சேருங்கள். பிப்ரவரி, மார்ச் செண்டினல்–2 செயற்கைக்கோள் படத்தில் பசுமையாக நிற்கும் ஓடைக்கரை பளிச்சென்று தெரியும். பாசன வயல்களை முதலில் மறைத்துவிடுங்கள், அவையும் பச்சைதான்.

1,800 மீட்டருக்கு மேலே, ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பம் 6.5 டிகிரி குறையும் என்ற சூத்திரம் டிசம்பர், ஜனவரி இரவுகளில் பொய்க்கும். குளிர்காற்று இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதால் பள்ளம் சரிவைவிடக் குளிரும். உறைபனி விழுவதும் அங்கேதான், புல்வெளிக்குள் சோலை நாற்றுகள் பிழைக்காததற்கு அது ஒரு காரணம். பகல் உச்சத்தையும் இரவுத் தாழ்வையும் தனித்தனி அடுக்காக வையுங்கள். பட்டன் வடிவ வெப்பப் பதிவான்களைக் கூரை மறைப்புக்குள் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கட்டிச் சரிபார்க்கலாம். அவற்றில் டிஎஸ்1921ஜி வகையில் 2,048 பதிவுக்கே இடம், மணிக்கு ஒன்று என்றால் 85 நாளில் நிரம்பும்.

காட்டுவழி:

நன்றி. வகை பிரித்து ஓட்டியதில் மாயாறு ஓரமும் சிகூர் ஓடைகளும் பச்சைக்கு வந்துவிட்டன. கடைசியாக ஒன்று: உண்ணிச்செடியும் (லாண்டானா) சீகையும் அடைத்த இடங்களுக்கு மதிப்பெண்ணைக் கழிக்கலாமா?

சமஉயரக்கோடு:

கழிக்க வேண்டாம். தாங்குதிறன் மதிப்பெண் நிலத்தின் அமைப்பைச் சொல்கிறது, அது அடுத்த ஐம்பது ஆண்டுக்கும் மாறாது. சீகையை வெட்டினால் மாறுவது இன்றைய நிலைமை. இரண்டையும் கலந்தால், மீட்டெடுக்க மிகவும் தகுதியான புல்வெளி "மதிப்பில்லாத நிலம்" ஆகிவிடும். ஆக்கிரமிப்பைத் தனி அடுக்காக வைத்து, மேலே கோடிட்டுக் காட்டுங்கள். பச்சையும் கோடும் சேரும் இடம் களை அகற்றும் பணிக்கான பட்டியல், கோடில்லாத பச்சை பாதுகாப்புப் பட்டியல்.

ஒரே விதிவிலக்கு: உண்ணிச்செடி அடர்ந்து விலங்கு நுழையவே முடியாத புதருக்குத் தொடர்ச்சிக் கணக்கில் தடை மதிப்பைச் சற்று உயர்த்தலாம். அதையும் களத்தில் பார்த்த புதர்களுக்கு மட்டும்.