இடைக்கால இங்கிலாந்தில் நகரத்துக்காரனுக்குப் பிரபு யார்?

மார்த்தாண்டம் வகுப்பறை:
பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நிலமானிய முறை எடுக்கணும். கிராமத்துப் பண்ணையாள் கதை புரியுது: பிரபு நிலத்தில் வாரத்துக்கு இத்தனை நாள் கூலியில்லா வேலை. ஆனா நகரத்தில் இருந்தவன் யாருக்கு அடங்கினவன்? "ஒரு வருஷமும் ஒரு நாளும் நகரத்தில் இருந்தா விடுதலை" என்று எல்லா கைடிலும் கிடக்கு. அப்படின்னா பிரபுக்கள் நகரங்களை ஏன் வளரவிட்டாங்க? நம்ம பக்கத்து ஜென்மி–குடியான் (நிலச்சொந்தக்காரர்–குத்தகைக்காரர்) உறவை உதாரணமா சொல்லிக்கொடுக்கலாமா?

வேளிமலை:
ஜென்மி உதாரணம் வேண்டாம் சார், பிள்ளைகளைக் குழப்பும். இங்கிலாந்தில் பல நகரங்களை உண்டாக்கினதே பிரபுக்கள்தான், அதுவும் காசுக்காக.

ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற ஊரை எடுத்துக்கிடுங்க. 1196-ல் வூஸ்டர் பிஷப் முதலில் ராஜாவிடம் வாரச்சந்தைக்கு அனுமதி வாங்கினார். பிறகு தன் நிலத்தில் மனை அளந்து போட்டார். ஒரு மனை 12 பெர்ச் நீளம், மூன்றரை பெர்ச் அகலம். பெர்ச் என்பது பதினாறரை அடி, ஆக நம்ம கணக்கில் 26 சென்ட் வரும். வருஷ வாடகை 12 பென்ஸ். உழவு, அறுப்பு என்று உடலுழைப்பு எதுவும் கிடையாது. மனையை விற்கலாம், பாகம் வைக்கலாம்.

பிஷப்புக்கு என்ன லாபம்? விளைநிலம் ஏக்கருக்குச் சில பென்ஸ்தான் குத்தகை போகும். மனையாகப் பிரித்தபோது ஏக்கர் 45 பென்ஸுக்கு மேல் விழுந்தது. 1252-ல் அங்கே ஏறத்தாழ 240 மனைகள். வாடகை மட்டுமே 12 பவுண்டு (ஒரு பவுண்டு 240 பென்ஸ்). சந்தைச் சுங்கம், கடைக்காசு, நீதிமன்ற அபராதம் எல்லாம் தனி. மாவாட்டும் ஆலையை பிரபு தன் கையில் வைத்திருந்தால் அதுவும் சேரும்.

மனை போட்ட எல்லா இடமும் ஊராகிவிடவில்லை. பக்கத்துச் சந்தைக்காரன் வழக்குப் போடுவான். ஒரு நாள் நடை 20 மைல். அதை மூன்றாகப் பங்கிட்டால் ஆறே முக்கால் மைலுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் தூரத்துக்குள் புதுச்சந்தை வைத்தால் பழைய சந்தைக்குக் கேடு என்று 13-ஆம் நூற்றாண்டுச் சட்டநூல் பிராக்டனில் இருக்கிறது.

பறளியாறு:
அந்த "ஒரு வருஷம் ஒரு நாள்" விஷயத்தை கைடுகள் அரைகுறையா எழுதுது. கிளான்வில் பெயரில் வழங்கும் 1180-களின் சட்டநூல் மூன்று நிபந்தனை வைக்குது. அது சலுகை பெற்ற நகரமா இருக்கணும். அந்தக் காலம் முழுக்க எஜமான் உரிமை கோரி வந்திருக்கக் கூடாது. முக்கியமா, நகரத்தார் அவனைத் தங்களில் ஒருத்தனாச் சேர்த்திருக்கணும். யாரோ வீட்டுத் திண்ணையில் ஒளிஞ்சு கிடந்தவனுக்கு இது கிடைக்காது. வேலைக்காரர், தினக்கூலி, பெரும்பாலான பெண்கள் "பர்ஜஸ்" என்ற உரிமைக்காரர் பட்டியலுக்கு வெளியேதான். "நகர மக்கள் சுதந்திரமானவர்கள்" என்று போர்டில் எழுதினா இதையும் சேர்த்து எழுதுங்க.

தோவாளைக்காரன்:
ராஜாவின் நேரடி நகரங்களில் கணக்கு வேற. நம்ம ஊர்ல பஞ்சாயத்து சந்தைக் குத்தகையை ஏலம் விடுமே, எடுத்தவன் மொத்தத் தொகையைக் கட்டிட்டு கடைக்கடையா வசூல் பண்ணுவான், அதேதான். அங்கே அந்தக் குத்தகைதாரன் ஷெரிஃப், அதாவது ராஜாவின் வட்டார அதிகாரி. கஜானாவுக்குக் கட்டவேண்டியது நிர்ணயமான தொகை, அதுக்கு மேல பிடுங்கினது அவன் பைக்கு. அதனால நகரத்துக்காரங்க "குத்தகையை எங்களுக்கே குடுங்க, நாங்களே நேரா கட்டிடுறோம்"ன்னு காசு வச்சாங்க. ராஜ கஜானாவின் 1130 கணக்குச் சுருளில் லிங்கன் நகரம் இதுக்கு 200 மார்க் வெள்ளியும் 4 மார்க் தங்கமும் கொடுக்க ஒப்புக்கொண்டது பதிவாயிருக்கு. ஒரு மார்க் 160 பென்ஸ், வெள்ளி மட்டும் 133 பவுண்டுக்கு மேல.

சிக்கல் எங்கேன்னா: பாக்கி விழுந்தா ராஜா நகரத்தைத் "தன் கையில்" எடுத்து தன் ஆளை உக்கார வைப்பார். ராஜா மாறினா, நகரத்துக்கு உரிமை எழுதிக்கொடுத்த பழைய பட்டயத்தை உறுதிப்படுத்த மறுபடியும் காசு. ஊர் தேய்ஞ்சாலும் தொகை தானா குறையாது, கெஞ்சித்தான் குறைக்கணும்.

மார்த்தாண்டம் வகுப்பறை:
அப்போ எல்லாம் பேரம்தான். பிறகு 1381 குடியானவர் கலகத்தில் நகரங்களில் ஏன் அப்படி வெடிச்சுது?

வேளிமலை:
எல்லா நகரத்திலும் ஒரே மாதிரி வெடிக்கவில்லை. செயின்ட் ஆல்பன்ஸ், பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் இரண்டையும் பாருங்க: இரண்டிலும் பிரபு என்பது கிறிஸ்தவத் துறவியர் மடம். ராஜாவுக்குப் போர்ச்செலவு வரும், பட்டயத்தை விற்பார். ஏர்ல் என்ற பெரும்பிரபு செத்தால் வாரிசு சிறுவனாக இருக்கலாம், அந்த இடைவெளியில் ஊர் கொஞ்சம் மூச்சு விடும். மடத்துக்குச் சாவு கிடையாது. மடாதிபதி மாறுவார், ஆவணப்பெட்டி மாறாது. அதுவும் ஊர் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும்.

செயின்ட் ஆல்பன்ஸில் சண்டை திருகையைப் பற்றியது. மடத்து ஆலையில்தான் அரைக்கணும், அரைத்ததில் ஒரு பங்கு மடத்துக்கு. வீட்டில் திருகை வைத்திருந்தால் குற்றம். 1330-களில் மடாதிபதி ரிச்சர்ட் வாலிங்ஃபோர்ட் திருகைகளைப் பறித்து மடத்துக் கூடத்துக்குத் தளமாகப் பதித்தார். (பெரிய வானியல் கடிகாரம் செய்த அதே மனுஷன். கொல்லன் மகன்.) 1381-ல் ஊரார் உள்ளே புகுந்து அந்தக் கல்லைப் பெயர்த்து, உடைத்து, ஆளுக்கொரு துண்டு எடுத்துப் போனார்கள். மடாதிபதியிடம் மிரட்டி வாங்கின பட்டயம் பிறகு ரத்தானது. தலைவர் வில்லியம் கிரிண்ட்காப் தூக்கிலிடப்பட்டார்.

பெரி செயின்ட் எட்மண்ட்ஸில் 1381-க்கு ரொம்ப முன்னாலேயே தகராறு உண்டு: அறுப்பு வேலைக்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு பென்னி "அறுப்புக் காசு". தொகை சின்னதுதான். ஆனால் வசதியானவன் தப்பித்துவிடுவான். ஏழை தரலையென்றால் முக்காலியையோ கதவையோ கழற்றிக்கொண்டு போவார்கள். கிழவிகள் நூல் நூற்கும் கோலோடு தெருவுக்கு வந்து வசூல்காரரை விரட்டியதை மடத்துத் துறவி ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். கடைசியில் வருஷத்துக்கு 20 ஷில்லிங் மொத்தமாக என்று மாற்றினார்கள்.

பறளியாறு:
சாலிஸ்பரியையும் சேர்த்துக்கிடுங்க, வகுப்பில் விவாதத்துக்கு நல்லது. அங்கே பிஷப் போட்ட கூடுதல் வரியை ஊரார் மறுத்தாங்க. வரி கட்டு, இல்லேன்னா சலுகைகளை விடு என்று ஆனது. வீம்புக்கு 1305-ல் சலுகைகளையே விட்டுட்டாங்க. நட்டம் தெரிஞ்சதும் மறு வருஷமே பிஷப்பிடம் சமரசத்துக்குப் போனாங்க.

வேளிமலை:
மடத்து ஊர்களின் முடிவையும் சொல்லிடுறேன். 1539-ல் எட்டாம் ஹென்றி அந்த இரண்டு மடங்களையும் கலைத்தார். அதற்குப் பிறகுதான் செயின்ட் ஆல்பன்ஸுக்கு 1553-லும் பெரிக்கு 1606-லும் தன்னாட்சிப் பட்டயம் கிடைத்தது.